முடிவைச் சொல்லக் கூடாது

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் சிற்றரசு போன் செய்தான். பத்திரிகை ஆசிரியன் என்றால் நேரம் காலம் கிடையாது போலிருக்கிறது. குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தவன் கணக்கை விட்டுவிட்டேன், சோறு குழைந்துபோயிற்று. முன்பெல்லாம் இப்படி ஆனால் "போஸ்டர் ஒட்டப் போறீங்களா?" என்று கேட்டு மானத்தை வாங்குவாள் குழலி. இன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் இரண்டு கவளம் சாப்பிட்டு எழுந்துவிட்டாள்.

ஏப்ரல் இதழில் நானும் குழலியும் எழுதும் 'இரண்டு நாற்காலி' விமரிசனப் பகுதிக்குப் படங்கள் தேர்ந்தெடுத்துவிட்டானாம். ஒன்று 'குங்குமச் சத்தியம்', நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வந்து திருச்சியையே அழவைத்தது. இன்னொன்று 'ஈர விறகு', போன வருஷம் விருதுகளை அள்ளிக்கொண்டு, தியேட்டரில் நாலு நாள்கூடத் தாங்காதது. "ரெண்டுமே சாகப்போற பொண்டாட்டி கதை சார். ஒண்ணுல ஒரே ஒப்பாரி, இன்னொண்ணுல ஒரே மௌனம். நீங்களும் அம்மாவும் மோதிக்கத் தோதா இருக்கும்" என்றான். அவனுக்கு விஷயம் தெரியாது. வேறு படம் கொடுடா என்று வாய் வரைக்கும் வந்தது. ஏன் என்று கேட்பான். சரி என்று வைத்துவிட்டேன்.

"என்ன படமாம்?" என்றாள் குழலி, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே. சொன்னேன். "நல்ல ஜோடிதான்" என்றாள்.

ஜனவரிக் கடைசியில் தெரிந்ததை இங்கே ஒரு தரம் எழுதிவிடுகிறேன், இனி எழுத மாட்டேன். அவளுக்குக் கணையத்தில் அது. ஈரலுக்கும் போய்விட்டது. டாக்டரம்மா ஆறு மாதம் என்றார், மருந்து ஏற்றினால் கொஞ்சம் கூடலாம் என்றார். குழலியிடம் அல்சர் என்று சொல்லியிருக்கிறோம். நானும் மாறனும் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து எடுத்த முடிவு. "அம்மா தாங்க மாட்டாங்கப்பா. சொன்ன அன்னைக்கே பாதி போயிடுவாங்க" என்றான். பிள்ளை சொல்வது சரி. எல்லார் வீட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள். டாக்டரம்மாதான், "சொல்லிட்டா அவங்களுக்கு நல்லது, யோசிங்க" என்றார். அவருக்கு என்ன, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்.

பிப்ரவரி 5, புதன்

முதல் ட்ரிப்ஸ் ஊசி. ஆஸ்பத்திரி முன்வாசலில் அந்தப் பிரிவின் பெயர்ப்பலகை ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது, தமிழில் வேறு. பின்னாலே சைக்கிள் ஸ்டாண்ட் வழியாக அழைத்துப்போனேன்.

"இதென்னங்க, டிக்கெட் எடுக்காம படத்துக்குப் போற மாதிரி போறோம்?"

"லிஃப்ட் இந்தப் பக்கம்தான் இருக்கு" என்றேன்.

லிஃப்ட் இல்லை. படியேறினோம். பாவம், நடுவில் நின்று நின்று வந்தாள்.

பக்கத்தில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்த அம்மாளுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. குழலி அவளிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், நேற்று என்ன குழம்பு என்று எல்லாவற்றையும் விசாரித்தாள். என்ன வியாதி என்று மட்டும் கேட்கவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரி பைலுக்குப் பிரவுன் தாளில் அட்டை போட்டேன். மாறன் பள்ளிக்கூடம் போன காலத்தில் போட்டது, கை மறக்கவில்லை. மாத்திரை அட்டைகளின் பின்னால் உள்ள எழுத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

'குங்குமச் சத்தியம்' பார்த்தோம். கதாநாயகன் அழுகிற அழுகைக்கு மேட்டூரில் தண்ணீர் திறக்கத் தேவையில்லை. பெண்டாட்டி பார்வதி பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். அவளிடம் மறைக்கிறான். அவள் எதிரில் சிரித்துப் பாட்டுப் பாடுகிறான், கொல்லைப்பக்கம் போய்த் தூணைக் கட்டிக்கொண்டு கதறுகிறான். இடி, மின்னல், சாமி படத்து விளக்கு அணைதல், எல்லாம் உண்டு. இதையா அன்றைக்கு ஊரே பார்த்தது என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

பாதியில் குழலி நிறுத்தச் சொன்னாள். மருந்துப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கணவன் கிழித்துப் போடுகிறான். கூட்ட வந்த பார்வதி அதைப் பொறுக்கி அடுப்பில் போட்டுவிட்டு மாவாட்டப் போகிறாள். அந்த இடம்.

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

"குப்பையைப் பொறுக்கி அடுப்புல போடறா. அவ்வளவுதான். படிக்கிற மாதிரி ஒரு ஷாட் உண்டா? அந்த டைரக்டருக்கு அத்தனை மூளை இருந்தா இடி மின்னலை ஏன் வைக்கிறான்?"

"டைரக்டருக்குத் தெரியாம இருக்கலாம். அந்த நடிகைக்குத் தெரிஞ்சிருக்கு. கையைப் பாருங்க. அடுப்புக்கிட்ட போயி ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் போடறா."

நான் விடவில்லை. தெரிந்திருந்தால் அடுத்த காட்சியில் எப்படிச் சிரிப்பாள், எப்படிப் பூ வைத்துக்கொள்வாள், கதையே நிற்காதே என்றெல்லாம் அடுக்கினேன். கடைசியில், "சரிங்க, உங்க மட்டுக்கும் அவளுக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும்" என்றாள். பதினோரு வருஷமாக இந்தப் பகுதியை எழுதுகிறோம், அவள் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. உடம்பு முடியாததால் இருக்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

சாப்பிட்டதெல்லாம் வாந்தி. மாறன் ஓசூரிலிருந்து போன் செய்தான், "அல்சர் மருந்து அப்படித்தாம்மா" என்றான். "ஆமாண்டா, அல்சர் பொல்லாதது" என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

'ஈர விறகு'. இது படம்! டாக்டர் நேராகச் சொல்கிறார், கணவன் நேராகக் கேட்டுக்கொள்கிறான், அவளும் கேட்டுக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறார்கள். மழையில் நனைந்த விறகு பிடிக்கவில்லை, புகைகிறது. இருவரும் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை. கடைசி வரை அப்படியே.

"எப்படி?" என்றேன்.

"ஊதுகுழல் இல்லையா அவங்க வீட்டுல?" என்றாள்.

இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு என்ன விமரிசனம் எழுதுவது!

பிப்ரவரி 23, ஞாயிறு

என் பாதியை எழுதி முடித்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது. 'உண்மையை முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் நம் சினிமாவில் அபூர்வம். மனிதரை மதிக்கிறவனால்தான் அவரிடம் உண்மையைச் சொல்ல முடியும். "குங்குமச் சத்தியம்" காட்டுவது அன்பல்ல, கோழைத்தனம்' என்று போட்டிருக்கிறேன். குழலிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"உங்களுக்கு நெசம்னா உசுரு" என்றாள். கொஞ்சம் கழித்து, "படத்துல" என்றாள்.

எதையோ குத்துகிறாள், எதை என்று நான் கேட்கவில்லை.

அவள் பாதி இன்னும் பாக்கி. எங்கள் ஏற்பாடு பழையது. அவள் கையெழுத்து கோழி கிண்டினாற்போல இருக்கும், டைப் அடிக்கவும் வராது. அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். கடைசியில் பத்துக்கு இத்தனை என்று படத்துக்கு மார்க்கும் போடுவாள். சொல்லும்போது நான் குறுக்கே பேசக் கூடாது, ஒரு வார்த்தை மாற்றக் கூடாது. முதல் மாதம் நான் அவள் வாக்கியத்தில் கை வைத்தேன் என்று மூன்று நாள் பேசாமல் இருந்து அவள் வாங்கிய சட்டம். நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான், எந்தப் படத்தின் முடிவையும் சொல்லக் கூடாது.

பிப்ரவரி 26, புதன்

இரண்டாவது ட்ரிப்ஸ். சைக்கிள் ஸ்டாண்ட் வழி. போன தடவை பக்கத்தில் இருந்த அம்மாள் வரவில்லை. குழலி அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற நாள் மாத்திக்கொடுத்திருப்பாங்க" என்றேன். "ஆமா, மாத்தியிருப்பாங்க" என்றாள்.

மார்ச் 4, செவ்வாய்

முடி கொட்டுகிறது. தலையணையில் கொத்துக் கொத்தாக. போர் தண்ணீர்தான் காரணம் என்று சொன்னேன். "அப்ப உங்களுக்கு ஏன் கொட்டல?" என்று கேட்டாள். என் வழுக்கையைத் தடவிக் காட்டினேன். சிரித்தாள், சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

பொழுது போகவில்லை போலிருக்கிறது, என்னைப் பிடித்து ஆட்டிவைக்கிறாள். ரசத்துக்கு எப்போது அடுப்பை அணைக்க வேண்டும் என்று பாடம் நடத்தினாள். "விசிலை எண்ணாதீங்க, வாசனையைப் பாருங்க." குளிர்சாதனப் பெட்டியில் எது எங்கே இருக்கிறது, கேஸ் பதிவு செய்ய எந்த எண், கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோர் எப்போது ஊற்றுவது, எல்லாம் சொன்னாள். இதெல்லாம் எனக்கு எதற்கு, நீ எழுந்து நடமாட ஆரம்பித்தால் நான் அடுப்படிப் பக்கம் வருவேனா என்றேன்.

அவளுடைய பச்சைப் பட்டுப்புடவையை எடுத்து மாறன் பெண்டாட்டிக்கென்று தனியாகக் கட்டி வைத்தாள். நிறம் பிடிக்காமல் போய்விட்டதாம்.

மார்ச் 16, ஞாயிறு

இருபதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும், சொல்லிவிடேன் என்றேன். தலையணையைச் சாய்த்து உட்காரவைத்தேன். அவள் சொன்னதை, விதிப்படி, அப்படியே அடித்தேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

"'ஈர விறகு' நல்ல படம். பொய்யே இல்ல. அவன் சொல்லிட்டான், அவ கேட்டுக்கிட்டா. ஆனா படம் முடியற வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் தொடல. சேதியைச் சொல்லிட்டு அந்தாண்ட நவுந்து உக்காந்துக்கறதுன்னா அதைத் தபால்லயே அனுப்பியிருக்கலாம். நான் முப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல இருந்தவ, எனக்குத் தெரியும். சாவுத் தந்தி கொண்டுபோற ஆளுகூட வாசல்ல ரெண்டு நிமிஷம் நின்னுட்டுத்தான் வருவாரு.

"'குங்குமச் சத்தியம்' பூராவும் பொய். ஆனா அந்த மனுசன் அவளுக்காக அழறான். என்ன, அவ முன்னாடி அழாம தூணுகிட்டப் போய் அழறான். அதான் அந்தப் படத்துல குத்தம், இடி மின்னல் இல்ல. அவளுக்கு மொத நாளே தெரியும். புருசன் பயந்துடுவானேன்னுதான் தெரியாத மாதிரி பூ வச்சுக்கறா. அவன் அவளைக் காப்பாத்தறதா நெனச்சுக்கிட்டு இருக்கான். அவதான் அவனைக் காப்பாத்திக்கிட்டு இருக்கா. ஒத்தையா. ரொம்ப அலுப்பா இருக்கும் அது.

"இந்தத் தடவை முடிவைச் சொல்லப்போறேன். அவ செத்துப்போறா. ரெண்டு படத்துலயும்."

நான் அவளைப் பார்த்தேன். "எழுதுங்க" என்றாள். அடித்தேன்.

"எனக்குப் புடிச்ச படத்தை இன்னும் யாரும் எடுக்கல. அதுல அவன் பக்கத்துல வந்து உக்காந்து, வியாதி பேரைச் சொல்லுவான். சொல்லிட்டு அவ முன்னாடியே அழுவான். அவ, எனக்கு இந்த ஊசி போதும், வீட்டுலயே இருந்துக்கறேம்பா. அவன் சரிம்பான். அவ்வளவுதான் கதை. மார்க்கு அப்புறம் போடறேன்."

அடித்து முடித்தேன். "நல்லா வந்திருக்கு. கொஞ்சம் நீளம்" என்று சொன்னேன். எழுந்துபோய்ப் பால் வைத்தேன். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

சிற்றரசுக்கு அனுப்பவில்லை.

மார்ச் 17, திங்கள்

மாறனிடம் போனில் சொன்னேன். அவளுக்குத் தெரியும்போல இருக்கிறது, புதன்கிழமை ஊசி வேண்டாம் என்கிறாள் என்றேன்.

"நேரா சொன்னாங்களா?"

"படத்தைப் பத்திச் சொன்னா."

"அப்பா, சினிமாவையும் வாழ்க்கையையும் போட்டுக் குழப்பாதீங்க. மூணாவது ஊசி போட்டாத்தான் குறையுதான்னே பார்க்க முடியும். நீங்க ஏதாவது உளறிட்டீங்கன்னா அம்மா மனசு விட்டுடுவாங்க. நான் உங்களை மன்னிக்கவே மாட்டேன்."

அவனும் பிள்ளைதானே. அம்மாவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறான். நான் யாரை இழுத்துப் பிடிப்பது?

மார்ச் 18, செவ்வாய்

நாளைக்கு ஆஸ்பத்திரி. பைலை எடுத்து வைக்கலாமென்று அலமாரியைத் திறந்தேன். பிரவுன் அட்டையைப் பார்த்தேன். மூலையெல்லாம் எவ்வளவு சுத்தமாக மடித்திருக்கிறேன்! அவமானமாக இருந்தது. பைலைத் தூக்கிக்கொண்டு அவள் கட்டிலில் போய் உட்கார்ந்து, அவள் பார்க்க அந்த அட்டையைக் கிழித்தேன்.

"அல்சர் இல்ல குழலி" என்றேன்.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். பேரைச் சொல்ல வேண்டும் அல்லவா.

"கேன்சர். கணையத்துல. ஈரலுக்கும் போயிடுச்சு" என்றேன். சொன்னதும் என்னால் முடியவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தேன், அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூணைத் தேடிக்கிட்டுப் போகாதீங்க. இங்க அழுவுங்க."

அழுதேன். அந்தக் கதாநாயகன் தோற்றான். மூக்கொழுக, சத்தம் போட்டு, என் அம்மா செத்ததற்குக்கூட அப்படி அழவில்லை. அவள் என் வழுக்கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கை அத்தனை மெலிந்திருந்தது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"மொத நாளே. டாக்டரம்மா மேசையில உங்களுக்கு எழுதிக்காட்டினாங்களே, நான் எதிர்ல உக்காந்திருந்தேன். கவுண்ட்டர்ல முப்பது வருசம் எல்லாத்தையும் தலைகீழா படிச்சே சம்பளம் வாங்கினவ நான். அது தெரியாம பிளாஸ்திரி ஒட்டறாரு, பிளாஸ்திரி!"

"ஏண்டி சொல்லல?"

"நீங்களா சொல்லணும்னுதான். நான் சொல்லிட்டா உங்க முகத்தை யாரு பாக்கறது?" பிறகு, "எனக்கு ஊசி போதுங்க" என்றாள்.

இதைத்தான் நான் டைப் அடித்திருந்தேன். அடிப்பது சுலபம். ஊசி வேண்டாமென்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். போட்டுப் பார்ப்போமே, ஒன்றே ஒன்று என்று கெஞ்சலாமா என்று நாக்கு துடித்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றேன்.

"இப்ப மார்க்கு போடறேன். பத்துக்கு மூணு."

"மூணுதானா?"

"டயலாக்கெல்லாம் சொதப்பல். அழுகை மட்டும் பரவாயில்ல."

மார்ச் 19, புதன்

போகவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். வலிக்கு மருந்து எழுதித் தருகிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். முன்வாசல் வழியாகப் போய் வாங்கி வந்தேன்.

சிற்றரசுக்கு அனுப்பிவிட்டேன். அவள் பாதியில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. என் பாதியைக் கிழித்துவிட்டு, 'எனக்கு இரண்டு படமும் புரியவில்லை' என்று ஒரு வரி மட்டும் எழுதினேன். அவள் வாசித்துவிட்டு, இதுதான் நீங்கள் எழுதியதிலேயே உருப்படி என்றாள்.

மார்ச் 22, சனி

சொன்னதையும் ஊசியை நிறுத்தியதையும் போனில் கேட்டுவிட்டு மாறன் வந்தான். அம்மா எதிரில் நன்றாகப் பேசினான். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நீங்களே கொன்னுட்டீங்கப்பா" என்றான். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

இந்த ஒரு வாரமாக வீட்டில் பேச்சு ஓயவில்லை. யார் யார் வர வேண்டும், எந்தப் புடவை கட்ட வேண்டும், என் சொந்தக்காரர்களில் யாரை உள்ளே விடவே கூடாது, எல்லாம் சொல்கிறாள். நடுநடுவே அழுகிறோம். அப்புறம் ரசம் சாதம். இன்றைக்கு வாசனை பார்த்து அடுப்பை அணைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 5, சனி

வலி. மருந்துக்கு அடங்கவில்லை. சொன்னதே தப்போ, ஊசி போட்டிருக்கலாமோ என்று நாளெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. அவளிடமே கேட்டேன். "தெரியலைங்க" என்றாள். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

குழலி காலையில் போய்விட்டாள். கை என் கையில் இருந்தது.

ஏப்ரல் 12, சனி

பாலூற்றிவிட்டு வந்தோம். வீடு நிறைய ஆட்கள். குழலியின் அக்கா என் எதிரில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். "ஒண்ணும் தெரியாமலே போய்ட்டா, கொடுத்துவச்சவ. அல்சர்னே நெனச்சுக்கிட்டு இருந்தா பாவம். கடைசி வரைக்கும் நீங்க மறைச்சு வச்சுக் காப்பாத்தினீங்களே, அது ஒண்ணு போதும் உங்களுக்கு" என்றாள். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

தலையை ஆட்டிவிட்டு இருந்திருக்கலாம். ஊர் மெச்சும்.

"தெரியும். கேன்சர்னு நான்தான் சொன்னேன். ஊசி வேண்டாம்னா, சரின்னேன்" என்று சொன்னேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்ல மாட்டேன். மாறன் எழுந்து வெளியே போனான்.

ஏப்ரல் 25, வெள்ளி

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மாறனும் பையை எடுத்து வைத்துவிட்டான், மருமகள் பச்சைப் பட்டுப்புடவையை மடியில் வைத்துக்கொண்டு காரில் காத்திருந்தாள். அவன் மட்டும் வாசற்படியில் நின்றான். ஒரு மாதத்துக்கு மேலாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவன்.

"நீங்க சொன்னப்ப அம்மா அழுதாங்களா?" என்று கேட்டான், செருப்பைப் பார்த்துக்கொண்டே.

"இல்லடா. நான்தான் அழுதேன். அவ மார்க்கு போட்டா."

நிமிர்ந்து பார்த்தான். "எத்தனை?"

"பத்துக்கு மூணு."

வாயைப் பொத்திக்கொண்டான். சிரிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். தோள் குலுங்கியது. சட்டென்று திரும்பி வாசல் தூணில் முகத்தை வைத்துக்கொண்டான்.

நான் போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இங்க அழுடா" என்றேன்.